உருட்டுறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க: பெங்களூரு கேம் மாஸ்டர் கேள்வி பதில்

அல்சூர்ல எங்க வீட்டு ஹால்ல ஞாயித்துக்கிழமைதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துறவன் நான். ஆளுக்கொரு கேரக்டரா டைஸ் உருட்டி ஆடுற கதை விளையாட்டு அது; கதை சொல்லி, அரக்கர்களை ஆட்டுறவர்தான் கேம் மாஸ்டர். கேளுங்க. நான் சொல்ற கணக்கெல்லாம் 2014 பதிப்புல உள்ளது.

ஜெயநகர்: அண்ணா, முதல் செஷன்லயே என் ஃப்ரெண்டோட மந்திரவாதி செத்துட்டா. ஒரே ஒரு ஓகர் ராட்சசனைத்தான் விட்டேன்.

ஓகரோட தடி அடிக்கு ரெண்டு எட்டுமுக டைஸ், கூட 4. சராசரி 13. முதல் லெவல் மந்திரவாதிக்கு ஹெச்.பி., அதாவது உயிர்ப் புள்ளி, 8 இருந்தாலே அதிகம், ஒரே அடில விழுந்துடுவா. அடி படுதான்னு உருட்டுற இருபதுமுக டைஸ்ல ஓகருக்கு 20 விழுந்தா அடியோட டைஸ் இரட்டிப்பு, சராசரி 22. அதுல எட்டு போக மீதி 14. அந்த மீதி அவளோட முழு ஹெச்.பி.யையே தாண்டுறதால, காப்பாத்த ஒரு வாய்ப்புகூட இல்லாம அங்கேயே சாவு.

ஆனா ஓகரை விட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன். உள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுதா? குகை வாசல்ல ரெண்டா உடைஞ்ச மாட்டுத் தொடை எலும்பு, ஆளுக்கு எட்டாத உயரத்துல சுவத்துல தடி உரசின தடம், இப்படி ரெண்டு காட்டியிருந்தா போதும். ஓடலாம், பன்னி ஒண்ணைக் கட்டிப்போட்டு பேரம் பேசலாம், ராத்திரி தூங்கும்போது நுழையலாம். தெரிஞ்சே போய்ச் செத்தா அவளே அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா. தெரியாம செத்தா அடுத்த வாரம் வர மாட்டா.

மாரத்தஹள்ளி: எந்த டைஸ் வாங்கலாம்?

ஏழு டைஸ் இருக்கிற ஏதோ ஒரு செட்.

கோரமங்கலா: ரகசியக் கதவைத் தேடி உருட்டினாங்க, யாருக்கும் விழல. ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தோம்.

தாயம் ஆடியிருக்கீங்களா? கட்டை ரெண்டும் சேர்ந்து ஒண்ணு விழணும், 16ல 2 வாய்ப்பு. எல்லாரும் காய் நகர்த்துவாங்க, எங்க பாட்டி மட்டும் தாயம் விழாம கட்டையைத் திட்டிக்கிட்டே இருப்பாங்க. விதிப்படி நியாயம்தான், ஆனா பாட்டி ஆடவே இல்லையே! கதை நகர்றதுக்கு அந்தக் கதவு தேவைன்னா அதை ஒரு உருட்டலுக்குப் பின்னாடி ஒளிக்காதீங்க. கதவு கிடைக்கட்டும், உருட்டல் தவறினா சத்தம் கேட்டு காவலாளி வரட்டும். அதையும் உருட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

ஹெப்பால்: பெரிய வில்லன் ரெண்டு சுத்துல செத்துப் போறான்.

நாலு பேர் நாலு தடவை அடிக்கும்போது அவன் ஒரு தடவைதான் அடிக்கிறான். கூட அடியாள் விடுங்க, பாத்து. முதல் லெவல் நாலு பேருக்கு நாலு கோப்ளின் குட்டிப் பூதமே புத்தகக் கணக்குல கொலைகார சண்டை.

இந்திராநகர்: கேம் மாஸ்டர் முன்னாடி வைக்கிற திரைக்குப் பின்னாடி டைஸை மாத்திச் சொல்லலாமா?

கூடாது.

பனசங்கரி: அண்ணா, டைஸை மீற டி.எம்.முக்கு, அதான் கேம் மாஸ்டருக்கு, உரிமை உண்டுன்னு இந்த விளையாட்டை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸே 1979 கையேட்டுல எழுதியிருக்காரே?

எழுதினார், உரிமையும் இருக்கு. ஆனா ஒரு தடவை காப்பாத்திட்டா, அப்புறம் விழற ஒவ்வொரு சாவும் நீங்க வேணும்னு கொன்னதா ஆயிடும். நானும் செஞ்சவன்தான். டிராகன் மூச்சுல ஒரு பையன் போயிருப்பான், கூட்டிச் சொல்ல வேண்டியதைக் குறைச்சு சொன்னேன். எனக்குப் பின்னாடி ஜன்னல், வெளிய இருட்டு; கண்ணாடில டைஸ் அப்படியே தெரிஞ்சிருக்கு. அவன் ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் எந்த டிராகனுக்கும் அவன் பயப்படவும் இல்ல.

ஒயிட்ஃபீல்டு: குழந்தைங்களோட ஆடும்போது கூடவா?

அதுங்க இன்னும் உஷார். தோத்தா சாவு இல்ல, பிடிபடுவீங்கன்னு முன்னாடியே சொல்லுங்க. சொன்ன பிறகு மாத்தாதீங்க.

எலக்ட்ரானிக் சிட்டி: டைஸ் எது நல்லது?

மேல மாரத்தஹள்ளிக்குச் சொன்னதைப் படிங்க சார்.

எலக்ட்ரானிக் சிட்டி: சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டின பிளேயரோட கேரக்டரை நான் ஆடலாமா?

ஆடலாம். அவர் வர்றதுக்குள்ள சாகடிச்சுடாதீங்க.

பனசங்கரி: ஒத்துக்க மாட்டேண்ணா. ஜன்னலுக்கு கர்ட்டன் போட்டிருந்தா உங்க பிரச்சினையே இல்லையே?

கர்ட்டன் போட்டாச்சு தம்பி, வெயிலுக்காக. டைஸ் இப்ப மேசை நடுவுலதான் உருளுது.