கத்தியின் முதுகில் எதற்குப் பல்?

கேள்வி: காட்டில் நடக்கவும் கூடாரம் போட்டுத் தங்கவும் பழகி வருகிறேன். 'சர்வைவல் கத்தி' ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால் முதுகில் ரம்பம், பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் முள்ளும் வைக்க இடம், மூடியில் திசைகாட்டி என்று எல்லாம் சேர்ந்தே வருகிறது. இதில் எது உதவும், எது வெறும் பந்தா?

பதில்: மூன்றுமே முக்கால்வாசி பந்தாதான். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

பிடி உள்ளே குழாய் போல இருக்க வேண்டும் என்றால், அலகின் எஃகு பிடி தொடங்கும் இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அதற்கப்புறம் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு நட்டோ, பற்றவைப்போதான். விறகின் மேல் கத்தியை வைத்து முதுகில் கட்டையால் நாலு போடு போட்டால் மொத்த அடியும் அந்த மூட்டில்தான் இறங்கும், மலிவான கத்திகளில் முதலில் ஆட்டம் காண்பதும் அங்கேதான். அலகு, பிடி இரண்டையும் ஒரே எஃகுத் துண்டில் கடைந்தெடுத்த குழாய்ப் பிடிக் கத்திகளை கிறிஸ் ரீவ் என்பவர் செய்திருக்கிறார், அவற்றுக்கு இந்தக் குறை கிடையாது. ஆனால் 1982-ல் வந்த ஒரு ஹாலிவுட் ஆக்‌ஷன் படத்துக்குப் பிறகு சந்தையில் குவிந்தவை பெரும்பாலும் அந்த ரகம் இல்லை. அப்புறம், அந்தக் குழாய்க்குள் போகிற சாமான் எல்லாம் சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பாவிலேயே அடங்கிவிடும் என்பதையும் யோசியுங்கள்.

மூடியில் இருக்கும் திசைகாட்டியை, மூடியைக் கழற்றிக் கத்தியிலிருந்து தள்ளிப் பிடித்தால்தான் கொஞ்சமாவது நம்பலாம். பக்கத்தில் அவ்வளவு எஃகு இருக்கும்போது காந்த முள் வடக்கைப் பார்க்கும் என்று என்ன நிச்சயம்?

ரம்பத்தின் கதை சுவாரசியமானது. அமெரிக்க ராணுவ விமானிகளுக்கென்று ஒரு கத்தி உண்டு, சுமார் 5 அங்குல அலகு, முதுகில் பல். விழுந்த விமானத்தின் மெல்லிய அலுமினியத் தகட்டைக் கிழித்து வெளியே வருவதற்காக வைத்த பல் அது. மரம் அறுக்க வைத்ததல்ல. தச்சர் ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் வளைந்திருக்கும், அதனால் அறுக்கும் தடம் தகட்டைவிட அகலமாகி ரம்பம் சிக்காமல் ஓடும். கத்தியிலோ நாலைந்து மில்லிமீட்டர் தடித்த முதுகில் வெறுமனே வெட்டிவிட்ட பல்தான் இருக்கும். கொஞ்ச ஆழம் போனதும் மரத்தூள் அடைத்துக்கொள்ளும், அலகு ஆப்பு மாதிரி இறுகிவிடும். கயிறு நழுவாமலிருக்கக் குச்சியில் பள்ளம் போடலாம், அது ஒன்றுதான் அதனால் ஆகும். ஆனால் அதே பல், விறகு பிளக்கும்போது நீங்கள் அடிக்கும் கட்டையைக் கடித்துத் துப்பும், நுணுக்கமாகச் சீவும்போது முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தவும் விடாது. மரம் அறுக்க வேண்டுமா, ஒரு மடக்கு ரம்பம் எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: கத்தியின் முதுகு '90 டிகிரி' என்று விளம்பரம் செய்கிறார்கள். இதுவும் ஏமாற்றுதானா?

பதில்: இல்லை, பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும் இதுதான் உருப்படியான விஷயம். முதுகின் விளிம்பை உருட்டாமல் செங்கோணமாக, கூராக விட்டிருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தீ மூட்ட எடுத்துப் போகும் ஃபெரோ கம்பி என்ற உலோகக் கம்பியில் தீப்பொறி வர அதைக் கூரான விளிம்பால் சுரண்ட வேண்டும். முதுகு உருண்டையாக இருந்தால் வழுக்கும், பெயின்ட் பூசியிருந்தால் பொறி சரியாக வராது. பிடியை ஒட்டி இரண்டு அங்குலத்துக்கு அரத்தால் தேய்த்து விளிம்பு எடுத்துவிட்டாலே போதும். காய்ந்த குச்சியைச் சுரண்டிப் பாருங்கள், பஞ்சு போலச் சுருள் சுருளாக உதிர்ந்தால் விளிம்பு சரி, அந்தச் சுருளே தீ மூட்டவும் ஆகும். பொறி தட்டும்போது கத்தியை அசைக்காமல் கம்பியைப் பின்னால் இழுங்கள். கத்தியை முன்னால் வீசினால் கஷ்டப்பட்டுச் சேர்த்த சுருளெல்லாம் சிதறிப் போகும்.

கேள்வி: கூர்ப்பக்கத்தில் பாதியைப் பல் பல்லாக வைத்திருப்பது நல்லதா?

பதில்: கயிறு, பெல்ட் அறுக்க நன்றாக வேலை செய்யும், படகில் போகிறவர்களுக்குச் சரி. ஆனால் அந்தப் பல் இருப்பது பிடியை ஒட்டிய பகுதியில், கைக்கு அதிக பலம் கிடைக்கும் இடத்தில். மரம் சீவுவது அங்கே வைத்துத்தான். போதாக்குறைக்கு, சாதாரணச் சாணைக்கல்லில் அந்தப் பல்லைத் தீட்டவும் முடியாது.

கேள்வி: 'ஃபுல் டேங்' இல்லாத கத்தியைத் தொடவே கூடாது என்கிறான் நண்பன்.

பதில்: அலகின் எஃகு பிடியின் கடைசி வரை முழு அகலத்தில் போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். விறகு பிளப்பது அன்றாட வேலை என்றால் அவர் சொல்வது சரி. மற்றபடி ஸ்வீடனின் மோரா கத்திகளில் பல மாடல்களில் எஃகு பிடியின் கடைசி வரை போவதில்லை, காட்டு வேலைக்காரர்கள் அதை விரும்பித்தான் வைத்திருக்கிறார்கள். எஃகு எவ்வளவு நீளம் உள்ளே போகிறது என்பதோடு, அலகு பிடிக்குள் நுழையச் சட்டென்று குறுகும் இடத்தில் மூலை எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். செங்குத்தான மூலை என்றால் அழுத்தம் அங்கே குவிந்து விரிசல் விடும், வளைவாக இறக்கியிருந்தால் தாங்கும்.

கேள்வி: பிடியில் மூன்று ஓட்டை இருக்கிறது, குச்சியில் கட்டி ஈட்டி ஆக்கலாமாம்!

பதில்: ஆக்கலாம். முதல் வீச்சில் கல்லில் பட்டு முனை உடையும், அல்லது ஈட்டியோடு கத்தியும் தண்ணீரில் போகும். ஈட்டிதான் வேண்டுமென்றால் குச்சியின் நுனியையே சீவிக் கூராக்கிக்கொள்ளுங்கள். ஓட்டையில் கயிறு கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளலாம், அதற்கு ஒன்று போதும்.