தார்ச்சாலையில் 4எச் எதற்கு? பிக்கப் ஸ்டியரிங் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (உசிலம்பட்டி): ஐயா, புது பிக்கப்பை 4எச்சில் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) வைத்து பெட்ரோல் பங்கில் திருப்பினேன். ஸ்டியரிங் இறுகியது, வண்டி திணறித் திணறி நகர்ந்தது. ஸ்டியரிங்கில் பழுதா?

பதில்: பழுதில்லை. ஸ்டியரிங்கைக் கழற்றுகிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள். இவ்வகை வண்டிகளில் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே சுமார் 3.1 மீட்டர் இடைவெளி உண்டு. பின்னச்சு 6 மீட்டர் ஆரத்தில் வளைந்தால், முன்னச்சு ஏறக்குறைய 6.75 மீட்டர் ஆரத்தில் வளையும். அதாவது பின்னது 8 மீட்டர் ஓடுவதற்குள் முன்னது 9 மீட்டர் ஓடியாக வேண்டும். ஆனால் 4எச் போட்டதும், இன்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்கு அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு அச்சுகளையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. மிச்சமுள்ள அந்த ஒரு மீட்டரை டயர்தான் வழுக்கி ஈடுகட்ட வேண்டும். காய்ந்த தார் அதற்கு விடாது. முன் டயர்கள் முரண்டு பிடிக்க, பின் டயர்கள் தள்ள, வண்டி நேராகவே போகப் பார்க்கிறது. கையில் தெரியும் கனம் அதுதான். தொடர்ந்து இப்படி ஓட்டினால் டயர் தேயும், டிரான்ஸ்ஃபர் கேஸும் கெடும்.

கேள்வி (திருமங்கலம்): எங்கள் கரிசல் காட்டில் 4எச் போட்டு ஓட்டினால் ஒரு சிரமமும் இல்லையே?

பதில்: ஈரக் கரிசலில் டயர் தாராளமாக வழுக்கும், அச்சுகளுக்கு நடுவே ஏறும் முறுக்கு அங்கேயே தீர்ந்துவிடும். அங்கே ஆபத்து வேறு. ஆழமான தடத்துக்குள் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தடத்தோடுதான் போகும். சக்கரம் திரும்பியிருப்பதே தெரியாது. தடம் முடிந்து பிடி கிடைத்ததும் முன் சக்கரங்கள் சட்டென்று அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு பாயும். கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (நத்தம்): மழையில் சிறுமலை ஏறும்போது?

பதில்: நனைந்தாலும் தார் தார்தான். 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் அச்சுகளை முறுக்குவானேன்? 2எச்சில் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) நிதானமாக ஏறுங்கள். காலி வண்டிக்குப் பின்பாரம் குறைவு, வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வால் வீசும். மண் சரிந்து சேறு கிடந்தால் மட்டும், அதற்கு முன்பே நேர்ப்பகுதியில் 4எச் போட்டு, கடந்ததும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (மேலூர்): 2எச்சுக்கு மாற்றியும் 4எச் விளக்கு அணையவில்லை, கனமும் குறையவில்லை.

பதில்: முறுக்கு உள்ளே சிக்கியிருக்கும். ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் பின்னால் ஓட்டுங்கள், பெரும்பாலும் விடுபடும். விளக்கு அணைந்த பிறகும் கனமாகவே இருந்தால் டயர் காற்று, பவர் ஸ்டியரிங் ஆயில், பெல்ட் மூன்றையும் பாருங்கள். முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயருமாகச் சிக்கனம் பிடித்திருந்தால், 4எச்சில் நேர்ச்சாலையிலேயே முறுக்கு ஏறும்.

கேள்வி (மதுரை): என் மைத்துனரின் காரில் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கிறது. அதில் இந்தத் தொல்லை இல்லையே?

பதில்: அதில் அச்சுகளுக்கு நடுவே ஒரு டிஃபரன்ஷியலோ கிளட்சோ இருக்கும், வேக வித்தியாசத்தை அது வாங்கிக்கொள்ளும்.

கேள்வி (வாடிப்பட்டி): பழைய 4x4 பிக்கப் வாங்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?

பதில்: காலி மண் மைதானத்தில் 4எச்சில் வைத்து, இரு பக்கமும் முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டுங்கள். முன் சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் ஆக்சில் மூட்டு தேய்ந்திருக்கிறது. பிறகு குனிந்து அதன் ரப்பர் உறையைப் பாருங்கள். அது கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.