விரல் நரம்பில் இடைவெளி: தசை ஒட்டு வைத்தால் கை பலவீனமாகுமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் கண்ணாடிச் சட்டம் பொருத்தும் பட்டறையில் வேலை செய்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் கண்ணாடி வெட்டி, வலது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியில் காயம் ஏற்பட்டது. கிளினிக்கில் தையல் போட்டார்கள். ஆனால் விரலின் கட்டைவிரல் பக்கம் இன்னும் மரத்தே இருக்கிறது. நரம்பு அறுந்து இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு விலகியிருக்கலாம் என்றும், முன்கையிலிருந்து தசை எடுத்து ஒட்டலாம் என்றும் அரசாங்க மருத்துவமனையில் சொல்கிறார்கள். மைத்துனருக்குத் தெரிந்த ஒருவர், தசையை எடுத்தால் கை பலமிழக்கும், அதற்குப் பதில் தனியாரிடம் ஸ்டெம் செல் ஊசி போடலாம், சொக்சோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பணத்தையும் தானே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: கை பலமிழக்காது. எடுக்கப்படுவது சிறு துண்டு; முன்கையில் மீதமிருக்கும் தசை அதன் வேலையைத் தடையின்றிச் செய்யும். ஒட்டப்படும் தசை உங்கள் விரலை அசைக்கப்போவதுமில்லை. ஆள்காட்டி விரலை மடக்கி நீட்டும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. விரலின் இரு பக்கமும் ஓடும் நரம்புகள் உணர்வை மட்டுமே சுமக்கின்றன. நீங்கள் இழந்திருப்பது உணர்வு. சிகிச்சை மீட்க முயல்வதும் அதையே.

ஒட்டும் தசை உயிருள்ள தசையாக வேலை செய்யத் தேவையில்லை. ஒரு முறையில் அதைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பிறகு தூய நீரில் இளக்குவார்கள். தசை அணுக்கள் இறந்துவிடும். அவற்றைச் சுற்றியிருந்த நுண்ணிய உறைக்குழாய்கள் மட்டும் வரிசையாக நிற்கும். அவரைக்கொடி பந்தலைப் பற்றிக்கொண்டு படர்வதைப்போல, அறுந்த நரம்பின் மேல்முனையிலிருந்து புறப்படும் இழைகள் அந்தக் குழாய்கள் வழியே கீழ்முனையைச் சென்றடைகின்றன. இம்முறையால் மனித நரம்புகளைச் சீரமைத்ததைப் பிரிட்டன் அறுவை மருத்துவர்கள் 1988-இல் வெளியிட்டனர். 1993-இல் இத்தாலியின் புருனெல்லி குழுவினர், நோயாளியின் சொந்த இரத்தக் குழாய்க்குள் தசையை நிரப்பி ஒட்டும் முறையை விவரித்தனர். குழாய் இருப்பதால் இழைகள் பக்கவாட்டில் சிதறுவது குறைகிறது.

இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இதற்கு ஏற்ற அளவுதான். இடைவெளி மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் தசை ஒட்டின் நம்பகத்தன்மை குறைகிறது. இழைகளுக்குத் துணைநிற்கும் ஷ்வான் அணுக்கள் அவ்வளவு தூரம் வந்து சேர்வதில்லை. அப்போது காலின் பின்புறமுள்ள சூரல் நரம்பை எடுத்து ஒட்டுவதே வழக்கம். அதற்கு விலையாகப் பாதத்தின் வெளிப்பக்கத்தில் மரப்பு நிற்கும். விலகிய முனைகளை இழுத்துத் தைத்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். இழுவிசையில் தைத்த நரம்புக்குள் இரத்த ஓட்டம் குறைந்து, தைத்த இடம் தழும்பாகிவிடும்.

இனி அந்த இடைத்தரகர். வெட்டுண்டு விலகிய நரம்பை எந்த ஊசியும் இணைப்பதில்லை. எண்ணெய்த் தேய்ப்பும் மின்னதிர்வுக் கருவியும் இணைப்பதில்லை. சொக்சோ உரிமை கோருவதற்குக் கட்டணம் கிடையாது, தரகரும் தேவையில்லை. வேலையிட விபத்தை 48 மணி நேரத்துக்குள் அறிவிப்பது முதலாளியின் கடமை. இதுவரை அறிவிக்கப்படவில்லையென்றால் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்), மருத்துவக் குறிப்புகள், விபத்து நடந்த நாளின் வருகைப் பதிவு ஆகியவற்றுடன் நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குச் செல்லுங்கள். எம்.சி. நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், சொக்சோ கணக்கிடும் சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைத் தொகையாகக் கிடைக்கும். இந்த எளிய வேலைக்குத்தான் 'ரன்னர்கள்' எனப்படும் தரகர்கள் இழப்பீட்டில் பங்கு கேட்கிறார்கள். இவர்களில் சிலர், அறுவை சிகிச்சை வேண்டாம், விரல் மரத்தே இருந்தால் இயலாமையை மதிப்பிடும் மருத்துவ வாரியம் கூடுதல் விழுக்காடு தரும் என்று தொழிலாளியின் காதில் ஓதுகிறார்கள். பிடிமானத்துக்கு மிகவும் தேவையான பக்கத்தில் உணர்விழந்த விரலோடு ஒருவர் ஆயுள் முழுதும் கண்ணாடி வெட்டட்டும் என்று எண்ணுகிறவர் உங்கள் நலம் நாடுபவர் அல்லர். ஆகவே வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் ஒப்படைக்காதீர்கள்.

காத்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுந்த நரம்பை எவ்வளவு விரைவில் சீரமைக்கிறோமோ அவ்வளவு நல்லது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. இயந்திரத்தில் நசுங்கிய கை, மண்ணும் எண்ணெயும் புகுந்த காயம், சீழ் பிடித்த காயம் ஆகியவற்றில் நரம்பு எதுவரை சிதைந்திருக்கிறது என்பது முதல் நாளில் கண்ணுக்குத் தெரியாது. நல்ல பகுதி என்று நம்பித் தைத்த முனை பிறகு தழும்பாகிவிடக்கூடும். அதனால் அறுவை மருத்துவர் காயத்தைச் சுத்தம் செய்து, தோலும் எலும்பும் தேறும்வரை வேண்டுமென்றே சில வாரங்கள் விட்டுவைப்பார். அது அலட்சியம் அல்ல. அத்தகைய காயத்தோடு இதைப் படிக்கிறவர்கள் மருத்துவரை அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் உங்களுடையது கண்ணாடியின் நேர்வெட்டு. அதை இரண்டு மாதம் காத்திருக்க வைத்ததற்கு மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தையல் போடுவதற்கு முன் விரலின் இரு பக்கமும் உணர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். அதைச் செய்யாமல் தோலை மட்டும் மூடி அனுப்புவதும், பரிந்துரைக் கடிதத்தில் 'மரப்பு' என்று ஒற்றைச் சொல் எழுதி, அந்தக் கடிதத்தைச் சாதாரண வரிசையில் கிடத்துவதும் இன்னும் தொடர்வது எனக்குப் பொறுக்கவில்லை.

அறுவைக்குப் பின் இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். வெட்டு விரலின் அடியில் இருப்பதால், நுனியை எட்டச் சில மாதங்கள் ஆகும். உணர்வு தெளிவடைய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். விரல் நெடுக நரம்பின் மேல் தட்டும்போது மின்னதிர்வு போன்ற கூச்சம் எழும் இடம் மாதந்தோறும் நுனியை நோக்கி நகர்ந்தால் வளர்ச்சி நடக்கிறது என்று பொருள். பழைய உணர்வு முழுமையாகத் திரும்பும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். பொருளைப் பார்க்காமல் பிடிக்கவும் சூட்டை உணரவும் போதுமான அளவு திரும்புவதை எதிர்பார்க்கலாம். அதுவரை சூடான பாத்திரத்தையும் கண்ணாடி விளிம்பையும் அந்த விரலால் தொடாதீர்கள். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

உங்கள் அறுவைக்கான நாள் வெகுதூரத்தில் இருந்தால், மருத்துவமனையில் கை நுண்ணறுவைப் பிரிவை நேரில் அணுகி, யாரேனும் வராத நாளில் தங்களை அழைக்கும் பட்டியலில் சேர்க்கக் கேளுங்கள். பரிந்துரைக் கடிதத்தில் 'ஆள்காட்டி விரலின் கட்டைவிரல் பக்க நரம்பு அறுந்துள்ளது' என்றும், காயம் ஏற்பட்ட தேதியும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்றி எழுதித் தரும்வரை அங்கிருந்து கிளம்பாதீர்கள்.