சின்ன வயதில் பிபியும் படபடப்பும் சேர்ந்து வந்தால் டென்ஷன்தானா?

முப்பது வயதுகூட ஆகவில்லை, பிபி 150/95 காட்டுகிறது, திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, ஈசிஜி நார்மல், எல்லோரும் டென்ஷன் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படியே விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் மற்ற காரணங்கள் இல்லை என்று பார்த்த பிறகுதான் டென்ஷன் என்று சொல்ல வேண்டும்.

எனக்கும் இருபதுகளில் இந்த இரண்டும் சேர்ந்தேதான் வந்தன. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்ததை ஒரு டாக்டர் கவனித்தார். அதிலிருந்துதான் பிடி கிடைத்தது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்தால், உடம்பு உப்பைத் தேக்கிக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். உப்பு தேங்கினால் பிபி ஏறும். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஆல்டோஸ்டிரோன், சிறுநீரகம் சுரக்கும் ரெனின் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பொட்டாசியம் நார்மலாக இருப்பவர்களுக்கும் இந்தக் கோளாறு இருக்கலாம் என்பதால் கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கும் இதுவேதான் என்று சொல்லவில்லை. தைராய்டு, சிறுநீரகம், குறட்டையும் மூச்சுத் திணறலுமான தூக்கம் என எதுவும் காரணமாகலாம். காலிலும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். கையைவிடக் காலில் குறைவாக இருந்தால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனி பிறவியிலேயே சுருங்கியிருக்கலாம். மூக்கடைப்பு மாத்திரை, வலி மாத்திரை, ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை, எனர்ஜி டிரிங்க் எதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். தினமும் அதிமதுரம் சாப்பிட்டாலும் பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

ஈசிஜி நார்மல் என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். அது வழக்கமாகப் பத்து நொடிப் பதிவுதான்; அந்த நேரத்தில் படபடப்பு இல்லையென்றால் அதில் என்ன தெரியும்? 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் மாட்டியிருந்து இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்ட்டர் கருவியைக் கேளுங்கள். அது இருக்கும்போது மாடி ஏறுங்கள், வழக்கமான வேலையைச் செய்யுங்கள். படபடத்த நேரத்தைக் குறித்துவையுங்கள். சுவிட்ச் போட்டதுபோல் தொடங்கி அப்படியே நின்றதா, மெல்ல ஏறி மெல்ல இறங்கியதா என்றும் எழுதுங்கள். டாக்டருக்கு அது பெரிய துப்பு.

ஆனால் படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் எதற்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.