பலகையில் 96 சதவீதம், வகுப்பில் எத்தனை பேர்?

கேள்வி: புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.எஸ்சி. வேதியியல் படிக்க ஆசைப்படுகிறாள். காரைக்குடியைச் சுற்றி மூன்று இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். ஒரு கல்லூரி வாசலில் '96 சதவீதத் தேர்ச்சி' என்று பெரிய பலகை. ஆனால் என் அண்ணன் மகன் இதே மாதிரி பலகை வைத்த ஓர் இடத்தில் சேர்ந்து, இரண்டு வருடம் போய்விட்டு, நாலு அரியரோடு நின்றுவிட்டான். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. 'எங்க செட்டுல பாதிப் பேர்தான் டிகிரி வாங்கினாங்க' என்கிறான். சேர்க்கிற பிள்ளை முடித்துவிட்டு வருமா என்பதை எதை வைத்துப் பார்ப்பது, ஐயா?

பதில்: பலகையும் பொய் இல்லை, உங்கள் அண்ணன் மகன் சொல்வதும் பொய் இல்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு. நீங்கள் ஆலையில் கணக்கு எழுதுகிறவர் என்பதால் உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அரசுக்கு அரைத்துக் கொடுக்கும்போது 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி வர வேண்டும் என்பது கணக்கு. மூட்டையில் இருக்கிற அரிசியைக் கையில் அள்ளி 'நல்ல அரிசி' என்று சொன்னால் மட்டும் நீங்கள் விடுவீர்களா? எவ்வளவு நெல் உள்ளே போனது என்று கேட்பீர்கள் அல்லவா. கல்லூரி வாசலில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பிள்ளைகள் நெல் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் கணக்கு கணக்குத்தான்.

ஒரு வகுப்பைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். முதல் வருடம் 60 பேர் சேர்கிறார்கள். வருடம் முடிவதற்குள் 9 பேர் நின்றுவிடுகிறார்கள். இரண்டாம் வருடத்தில் இன்னும் 4 பேர். கடைசி செமஸ்டர் எழுதுகிறவர்கள் 47 பேர், அதில் 45 பேர் பாஸ். 45-ஐ 47-ஆல் வகுத்தால் 96 சதவீதம். பலகை தயார். அந்த 45 பேரில் 12 பேருக்குப் பழைய செமஸ்டர் அரியர் நிற்கிறது என்றால், மூன்று வருடத்தில் கையில் டிகிரியோடு வெளியே வருகிறவர்கள் 33 பேர். சேர்ந்தது 60. அதாவது 55 சதவீதம். நின்றுபோன 13 பேர் பலகையின் கணக்கில் பிறக்கவே இல்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். கடைசிச் சில வருடங்கள் தர மதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்புகளைத் தயாரிக்கும் வேலையும் தலையில் விழுந்தது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அந்த 'நாக்' (NAAC) குழுவுக்குக் கொடுக்கிற 'தேர்ச்சி சதவீதம்' என்பதே இறுதியாண்டுத் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான். யாரும் ஏமாற்றவில்லை, படிவம் அப்படித்தான் கேட்கிறது. ஆனால் அந்தச் சதவீதத்தைக் கூட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மூன்றாம் செமஸ்டர் முதல் வார வருகைப் பதிவேடு எனக்கு நினைவுக்கு வரும். வரிசையாகப் பெயர்கள், நடுநடுவே சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் 'டிசி' என்றோ 'நீண்ட நாள் வரவில்லை' என்றோ ஒரு குறிப்பு. அந்தச் சிவப்புக் கோடுகளை எண்ணிச் சொல்லத்தான் எந்தப் பலகையும் இல்லை.

நீங்கள் கேட்பதற்கு நேரான எண் ஒன்று இருக்கிறது, அது ஒளிந்தும் இல்லை. கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் வரிசைப்படுத்தும் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் (NIRF) தரவரிசை 2016 முதல் வருகிறது. அதில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு நிறுவனமும் தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்திலேயே போட வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் மேலேயோ அடியிலேயோ 'என்ஐஆர்எஃப்' என்று ஓர் இணைப்பு இருக்கும். அதற்குள் இருக்கும் பிடிஎஃப் கோப்பில் 'யுஜி, மூன்று ஆண்டு', அதாவது இளநிலைப் பட்டம், என்று ஓர் அட்டவணையைத் தேடுங்கள். ஒரே வரியில் அனுமதிக்கப்பட்ட இடங்கள், உண்மையில் சேர்ந்தவர்கள், 'மினிமம் ஸ்டிப்புலேட்டட் டைம்' என்ற நிர்ணயித்த காலத்துக்குள் பட்டம் முடித்தவர்கள் ஆகிய மூன்றும் இருக்கும். மூன்றாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். அனுமதித்த இடங்களால் வகுக்க வேண்டாம். இடம் நிரம்பாத கல்லூரி அதில் காரணமில்லாமல் அடிபடும். தரவரிசைக்காரர்களுக்கு அது தேவைப்படலாம், பெற்றோருக்குத் தேவையில்லை.

இதில் மூன்று பொத்தல்கள் உண்டு. அந்த எண் எல்லா மூன்றாண்டுப் படிப்புகளையும் சேர்த்துக் கூட்டியது. பி.காம். நன்றாக முடிக்கிற கல்லூரியில் வேதியியல் இளைத்திருக்கலாம். அடுத்து, ஒரு பல்கலைக்கழகம் கொடுக்கும் எண் அதன் வளாகத்தில் படிப்பவர்களுடையது. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் எத்தனையோ இருக்கின்றன. பட்டத்தில் ஒரே பெயர்தான், ஆனால் பல்கலைக்கழகத்தின் எண் அந்தக் கல்லூரிகளுக்குப் பொருந்தாது, தொலைநிலையில் படிப்பவர்களுக்கும் பொருந்தாது. கடைசியாக, எல்லாக் கல்லூரியும் அந்தத் தரவரிசைக்குப் போவதில்லை. போகாத கல்லூரியிடம் நேரில்தான் கேட்க வேண்டும்.

அதனால் துறைக்குப் போங்கள். விண்ணப்பம் வாங்கும் கவுண்டரில் கேட்டால் கையேட்டைத்தான் நீட்டுவார்கள். துறைத்தலைவரைப் பார்த்து, '2022-இல் முதல் வருடத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், மூன்றாம் செமஸ்டருக்கு எத்தனை பேர் வந்தார்கள், 2025-இல் அரியர் இல்லாமல் எத்தனை பேர் முடித்தார்கள்' என்று கேளுங்கள். மூன்று எண்தான். நல்ல துறைத்தலைவருக்கு இது மனப்பாடமாகவே இருக்கும். ஒருவர் முகம் சுளித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான். இந்த மூன்றில் ஒன்றை மட்டும்தான் கேட்க முடியும் என்றால் நடு எண்ணைக் கேளுங்கள். நான் பார்த்த வரையில் நிற்கிற பிள்ளைகள் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே நிற்கிறார்கள். மூன்றாம் செமஸ்டர் கட்டணத்தைக் கட்டிவிட்ட பிள்ளை எப்படியாவது கரையேறிவிடும்.

அமெரிக்காவில் இந்த நடு எண்ணுக்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், 'ரிடென்ஷன் ரேட்'. முதல் வருடம் சேர்ந்தவர்களில் இரண்டாம் வருடத்துக்குத் திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதே அது. பட்டம் முடிப்போர் விகிதத்தைக் கல்லூரிகள் வெளியிட்டே ஆக வேண்டும் என்று 1990-இல் சட்டமே போட்டார்கள். அங்கேயும் ஒரு சலுகை உண்டு. நாலு வருடப் படிப்பை ஆறு வருடத்துக்குள் முடித்தாலும் 'முடித்தவர்' கணக்கில் எழுதிக்கொள்ளலாம். நம் ஊர்க் கணக்கு கெடு விஷயத்தில் கறாரானது.

அட்லாண்டாவில் ஜார்ஜியா ஸ்டேட் என்று ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம். 2003 வாக்கில் அங்கே ஆறு வருடத்தில் முடித்தவர்கள் நூற்றுக்கு 32 பேர்தான். பிறகு பாதிக்கு மேல் போயிற்று. எப்படி என்று பார்த்தால் பெரிய வித்தை எதுவும் இல்லை. 2012-இல் இருந்து ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண்ணையும் கணினியில் கண்காணித்து, முக்கியமான ஒரு பாடத்தில் சறுக்கியதுமே ஆலோசகர் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார். நர்சிங் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வருடக் கணக்குத் தாள்தான் ஆளைக் கவிழ்க்கிற இடம் என்று அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். இன்னொன்று, கட்டணத்தில் சில நூறு டாலர் பாக்கி நின்றதால் பெயர் அடிபட்ட மாணவர்களுக்கு, அவர்கள் கேட்காமலே அந்தப் பாக்கியைப் பல்கலைக்கழகம் தானே கட்டியது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், நாலாம் செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு மறுநாள் பணத்தோடு வந்து நின்றான். அபராதம் சேர்த்துக் கேட்டார்கள். கையில் இருந்தது போதவில்லை, யாரிடமும் சொல்லக் கூச்சம். போனவன் போனவன்தான். வாத்தியார்கள் எங்களுக்கே அடுத்த செமஸ்டர் பதிவேட்டைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அந்தத் தொகையை எங்களில் யார் வேண்டுமானாலும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

இனி உங்கள் மகளுக்கு வருவோம். பி.எஸ்சி. வேதியியலில் பிள்ளைகளைக் கவிழ்ப்பது வேதியியல் இல்லை, முதல் வருடத்துத் துணைப்பாடம். கணிதம் துணைப்பாடமாக வந்தால், அதுவும் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால், முதல் அரியர் அங்கேதான் விழும். பிளஸ் டூவில் கணிதம் எடுத்திருந்தாளா, எந்த வழியில் படித்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. தமிழ் வழி என்றால், அந்தத் துறையில் தமிழ் வழிப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் முதல் செமஸ்டர் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்த வாரமே கணித வாத்தியாரைப் போய்ப் பாருங்கள். நவம்பரில் தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

பேருந்தும் ஒரு பாடம்தான். அரசுக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் இரண்டு ஷிஃப்ட். மதிய ஷிஃப்ட்டில் இடம் கிடைத்தால் வகுப்பு விட்டு வெளியே வரும்போது சாயங்காலம் இருட்டத் தொடங்கியிருக்கும். அங்கிருந்து பேருந்து நிலையம் வந்து, புதுவயல் வண்டி பிடித்து வீடு சேர வேண்டும். நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவி, ஆனால் வண்டி வரும் நேரத்தை அது மாற்றாது. சேர்க்கும் முன் ஒரு நாள் நீங்களே அந்த நேரத்துக்குப் போய் நின்று பாருங்கள். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பல இடங்களில் அபராதம் கட்டித்தான் தேர்வு எழுத முடியும், இன்னும் குறைந்தால் எழுதவே முடியாது. கல்யாண சீசனில் வீட்டுக்கு வீடு லீவு போடுகிற ஊர் நம்முடையது. தை மாதம் வருகைப் பதிவேட்டில் தனியாகத் தெரியும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பட்டம் முடியும் வரை அவள் கணக்குக்கே வரும். கல்லூரியில் இதற்கென்று ஓர் ஆசிரியர் இருப்பார். சேர்ந்த வாரமே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கோடு அவரைப் பாருங்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைப்படாது. அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்தால் தேர்வுக் கட்டணத்துக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

நம் மாநிலத்தில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் உயர்கல்வியில் இருப்பவர்கள் 2021-22 கணக்குப்படி நூற்றுக்கு 47, நாடு முழுக்கப் பார்த்தால் 28.4. பெருமைதான். 1947-இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கியபோது இதை யார் நினைத்திருப்பார்கள்? ஆனால் இந்த 47 என்பது வரவுப் பக்கம் மட்டும். பற்றுப் பக்கத்தைக் கல்லூரி கல்லூரியாக நாம்தான் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் அண்ணன் மகன் டிசி வாங்கிவிட்டானா, இல்லையா? வாங்கவில்லை என்றால் அவன் கதை முடியவில்லை. குறைந்தபட்சக் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டு வரை பட்டப்படிப்பை முடிக்க அவகாசம் தரலாம் என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2015-இலேயே சொல்லியிருக்கிறது. அவனுடைய பல்கலைக்கழக விதி எவ்வளவு தருகிறது என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நாலு செமஸ்டர் முடித்தவனுக்கு ஐந்தாம் செமஸ்டரில் மீள்சேர்க்கை கேட்கலாம், கூடவே அந்த நாலு தாளையும் எழுதலாம். விண்ணப்பம் முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும், அதனால் ஜூன் மாதமே கொடுத்துவிடுவது நல்லது. திருப்பூரிலிருந்து ஒரு நாள் லீவு போட்டு வரச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் கையோடு எடுத்து வரட்டும்.