மாட்டுத்தாவணியில் இன்னொரு மெஸ் போடலாமா?

கேள்வி: மதுரை சிம்மக்கல் பக்கம் 19 வருடமாக மெஸ் நடத்துகிறோம். மாவு, குழம்பு எல்லாம் என் கை. கல்லாவும் சரக்கும் வீட்டுக்காரர். காலையில் வாசல் வரை ஆள் நிற்கிறது. மாட்டுத்தாவணியில் ஒரு இடம் வாடகைக்கு வந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்கிறான் மகன். இருக்கிற பேரும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: போடலாம் அம்மா. ஆனால் இந்த மாதம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

‘எல்லாம் என் கை’ என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நானும் இந்தத் தொழிலில் இருந்தவன். இரண்டாவது கடை திறந்து 14 மாதத்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. நான் அங்கே நின்றால் பழைய கடையில் சாம்பார் நீர்த்துப்போகும். எப்போதும் ஐந்து இட்லி சாப்பிடுகிற பெரியவர் ஒருநாள் இரண்டோடு இலையை மடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். அந்த இலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் முதலில் உங்கள் கை அளவைத் தராசில் வையுங்கள். எத்தனை கிலோ அரிசிக்கு எவ்வளவு உளுந்து, கிரைண்டர் எத்தனை நிமிடம் ஓடுகிறது, புது உளுந்து வந்தால் தண்ணீர் எவ்வளவு மாறுகிறது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். அதைப் பார்த்து மாஸ்டர் செய்யட்டும். ஒரு மாதம் நீங்கள் அடுப்படிப் பக்கமே போகாதீர்கள். வாசலில் ஆள் குறையவில்லை என்றால் துணிந்து இறங்கலாம்.

மாவை சிம்மக்கல்லிலேயே ஆட்டி அனுப்பலாம், விடியுமுன் போய்ச் சேர வேண்டும். சித்திரை வெயிலில் கேன் மாவு வண்டியிலேயே பொங்கிப் புளித்துவிடும். சாம்பாரை அங்கேயே வையுங்கள். அந்த இடத்துத் தண்ணீரை ஒரு குடம் பிடித்து வந்து, உங்கள் அடுப்பில் பருப்பு வேகவைத்துப் பாருங்கள். போர் தண்ணீர் கடின நீராக இருந்தால் பருப்பு மசியாது. இதைப் பார்க்காமல் இடம் பிடித்தவர்கள்தான் அதிகம்.

மாட்டுத்தாவணிக் கூட்டமும் வேறு. பஸ்ஸுக்குப் போகிறவர் பத்து நிமிடத்தில் எழுந்தாக வேண்டும். பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட் ஆட்கள் விடியலிலேயே பசியோடு வருவார்கள். ஆகவே மதியச் சாப்பாடு இப்போது வேண்டாம், டிபன் மட்டும் போடுங்கள். நம் மதுரை முருகன் இட்லி கடை இட்லி, பொடி, சட்னி என்று கையளவு பலகாரத்தை வைத்துக்கொண்டுதான் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனது.

உணவுப் பாதுகாப்பு உரிமம் புது இடத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். ஜிஎஸ்டிக்கு இரண்டு கடை விற்றுமுதலையும் சேர்த்தே கணக்குப் பார்ப்பார்கள், ஆடிட்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள். அங்கே போகிற மாஸ்டருக்குச் சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கும் பேசுங்கள். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் எதிர்க்கடைக்காரர் கூட்டிப்போய்விடுவார்.

இடத்துக்காரரிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள். தரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், மாட்டுத்தாவணியில் வேறு இடம் கிடைக்கும்.