வரைந்து பிழைக்க முடியுமா? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கிறோம். நான் தாதி. கணவர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். மகள் உயர்நிலை மூன்று படிக்கிறாள். கணக்கும் அறிவியலும் சுமார்தான், ஆனால் எந்நேரமும் வரைந்துகொண்டே இருப்பாள். உயர்நிலை முடித்ததும் ஓவியம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "படம் போட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக் கடன் கட்ட முடியுமா?" என்று கேட்டு அவள் அப்பா தூங்காமல் கிடக்கிறார். என் அண்ணன், இனி எல்லாப் படத்தையும் கணினியே போட்டுவிடும், அது வீண் படிப்பு என்கிறார். உங்கள் சிறுவர் கதைகளில் உள்ள படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்துதான் என் மகள் பழகினாள். அந்தப் படங்களைப் போட்டவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? மறைக்காமல் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். என் புத்தகங்களுக்கு இதுவரை ஐந்து பேர் படம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். ஒருவர் கணினி விளையாட்டு தயாரிக்கும் இடத்தில் பின்னணிக் காட்சிகள் வரைகிறார். மூன்றாமவர் அரும்பொருளகங்களுக்குக் கண்காட்சி அமைத்துக் கொடுக்கும் நிறுவனத்தில் இருக்கிறார். நான்காமவர் வீட்டில் இருந்தபடியே கேட்பவர்களுக்கு வரைந்து கொடுக்கிறார்; ஒரு மாதம் நல்ல வரும்படி, அடுத்த மாதம் ஒன்றும் இருக்காது. ஐந்தாமவர் வரைவதை விட்டுவிட்டுக் காப்புறுதி முகவராகிவிட்டார். அவர் விட்டதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. நல்ல கை அது.

ஆக, வேலை இருக்கிறது. ஆனால் அது 'ஓவியர்' என்ற பெயரில் வருவதில்லை. இதை மகளுக்கும் சொல்லுங்கள், அவள் அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

இது இன்றைக்கு வந்த நிலைமையும் இல்லை. கையில் 50 வெள்ளி நோட்டு இருந்தால் திருப்பிப் பாருங்கள். நான்கு இசைக்கருவிகள் இருக்கும், அதில் நம் வீணையும் ஒன்று. கூடவே இரண்டு ஓவியங்கள்: சென் வென் ஷி வரைந்த இரண்டு கிப்பன் குரங்குகள், சியோங் சூ பியெங் வரைந்த கருவாடு காயவைக்கும் காட்சி. இருவரும் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஆசிரியர்களாக இருந்தவர்கள். 1938இல் தொடங்கிய பள்ளி அது. நாட்டின் பணத்தாளில் ஏறிய ஓவியர்களே பாடம் சொல்லிக் கொடுத்தபடிதான் வரைந்தார்கள். நம்மவர்களிலும் அப்படித்தான். மனித உருவங்களைக் கோடுகளில் பிடிப்பதில் பெயர் பெற்ற சோலமலை நமசிவாயம் ஆசிரியர் வேலை பார்த்தவர். தேசிய அரும்பொருளக வளாகத்தில் பெரிய சிவப்பு மிளகாய்ச் சிற்பம் இருக்கிறதே, அதைச் செய்த குமாரி நாகப்பன் முதலில் உள்வடிவமைப்புத் துறையில் இருந்தவர்.

சரி, உங்கள் அண்ணன் சொன்ன கணினி விஷயம். அதற்கு ஒரு சம்பவத்தைச் சொன்னால்தான் விளங்கும்.

என் கதை ஒன்றில் ஒரு பாட்டி மல்லிகைப் பூ கட்டுவார். படம் போட வந்தவள் ஒரு சீனப் பெண், கலைக் கல்லூரியில் படித்து முடித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. முதலில் கொண்டுவந்த படத்தில் பாட்டி கையில் ஊசி இருந்தது. மொட்டுகளை மணி கோப்பதுபோல் கோத்துக்கொண்டிருந்தார். 'இது கோப்பது, கட்டுவது வேறு' என்று நான் சொன்னேன். எப்படிக் கட்டுவார்கள் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து அம்மா கட்டுவதைப் பார்த்தவன், விரல் எங்கே போகும் என்று கேட்டதும் முழித்தேன். அவள் பஃபலோ ரோட்டுப் பூக்கடை ஒன்றின் முன்னால் மூன்று காலைகள் நின்றாள். மூன்றாம் நாள் நோட்டைக் காட்டினாள். பக்கம் பக்கமாக வெறும் கைகள். இடது கை விரல்களுக்கு நடுவில் இரண்டு மொட்டு இந்தப் பக்கம் பார்க்க, இரண்டு மொட்டு அந்தப் பக்கம் பார்க்க, காம்புகள் ஒன்றன்மேல் ஒன்று. நூல் காம்பைச் சுற்றி வந்து ஒரு சுருக்கு, கட்டைவிரல் அதை அழுத்தி இறக்குகிறது, அடுத்த நான்கு மொட்டுக்கு மற்றக் கை கூடைக்குப் போய்விட்டது. எந்த விரல் வேலை செய்கிறது, எது சும்மா தாங்கிப் பிடிக்கிறது என்பதுகூடக் கோட்டின் அழுத்தத்திலேயே தெரிந்தது. புத்தகம் வந்தபின் அந்தக் கடைக்கார அம்மாவிடம் ஒன்று கொடுத்தோம். படத்தைப் பார்த்ததும், "இது என் கைதானே?" என்றார்.

அந்தப் பெண்ணுக்குக் கல்லூரி கொடுத்தது இதைத்தான். வண்ணம் கலப்பதை வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். நின்று பார்ப்பது, தப்பு என்று யாராவது சொன்னால் முகம் சுளிக்காமல் திரும்ப வரைவது, பத்துப் பேர் நடுவில் தன் படத்தை மாட்டிவைத்து அவர்கள் குறை சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பது, இதற்கெல்லாம் ஓர் இடமும் மூன்று வருடமும் வேண்டும். ஊசி வைத்த பாட்டி படத்தைக் கணினி ஒரு நொடியில் கொடுத்துவிடும். கடைமுன் போய் நிற்காது. மலிவான படம் போதும் என்பவர்களின் வேலை கணினிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. அந்த மாதிரி வேலையை நம்பி மட்டும் உங்கள் மகள் இதைப் படிக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன். பட்டதாரிகள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளம் எவ்வளவு என்று ஆண்டுதோறும் இங்கே கணக்கெடுக்கிறார்கள். கணினித் துறையோடு பார்த்தால் கலை, வடிவமைப்பு படித்தவர்களின் தொடக்கச் சம்பளம் குறைவுதான். உங்கள் கணவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்: அந்தக் கணக்கு, கடைசித் தேர்வு முடிந்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் எடுப்பது. வரைபவர்கள் பலர் அந்த ஆறு மாதத்தில் துண்டு துண்டாகச் செய்துகொண்டிருப்பார்கள். நான் பார்த்தவரை நிலைப்பதற்கு நான்கைந்து வருடம் ஆகிறது. அந்த வருடங்களில் பிள்ளை வீட்டோடு இருக்கலாம், சாப்பாட்டுக்குக் கவலை இல்லை என்ற நிலை இருந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. அதை நீங்கள் இருவரும் கொடுக்க முடியுமா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால் கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஹாலிவுட் படங்களுக்கு வரைகலை செய்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கின் சிங்கப்பூர்க் கிளையை மூடப்போவதாக 2023இல் அறிவித்தார்கள். 300க்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். ஆனால், கைத்திறன் உள்ளவர்களுக்குத் தாங்கள் வரைந்ததைச் சேர்த்துவைத்த படக்கோப்பை எடுத்துக்கொண்டு வேறு கதவைத் தட்ட முடியும். இந்தத் துறையில் வேலைக்கு எடுப்பவர் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான், சான்றிதழ் அப்புறம்தான்.

தனியாகத் தொழில் செய்தால் கறாராகவும் இருக்கத் தெரிய வேண்டும். மேலே சொன்ன நான்காமவருக்கு ஒரு பதிப்பகம் எட்டு மாதம் காசு கொடுக்காமல் இழுத்தது. அவர் எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தார். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் கொண்டுபோகலாம். போகப்போகிறேன் என்று சொன்னதும் காசு வந்தது. 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் வரைபவர்களுக்குத் துணை. முன்பெல்லாம் ஒருவர் காசு கொடுத்துத் தன் உருவப்படத்தை வரையச் சொன்னால் அதன் உரிமை காசு கொடுத்தவருக்குப் போகும். இப்போது வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வரைந்தவருக்கே. படத்தைப் பொதுவில் பயன்படுத்தும்போது வரைந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் வந்தது. தொழில் வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்குக் கட்ட வேண்டும். இதெல்லாம் தெரியாமல் வெளியே வந்து அடிபட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே படிப்பது? நன்யாங் நுண்கலைக் கழகமும் லாசால் கலைக் கல்லூரியும் சேர்ந்து 2024இல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகமாக நடக்கத் தொடங்கிவிட்டன, பட்டயம் முதல் பட்டம் வரை அங்கேயே படிக்கலாம். 'பலதுறைத் தொழிற்கல்லூரிக்குத்தான் அனுப்புவேன்' என்று உங்கள் கணவர் சொன்னால் அதிலும் சண்டைக்கு இடமில்லை. அசைபடம், விளையாட்டு வடிவமைப்பு, காட்சித் தொடர்பு எல்லாம் அங்கேயும் இருக்கின்றன. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே திறமையையும் ஆர்வத்தையும் பார்த்து இடம் கொடுக்கும் வழியும் உண்டு. பட்டயம் முடித்து, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளிக்கும் முயலலாம். எங்கே போனாலும் படக்கோப்பு கேட்பார்கள். முடித்த படங்களை மட்டும் வைக்காமல் கிறுக்கிய நோட்டுகளையும் வைக்கச் சொல்லுங்கள். பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பது அதில்தான் தெரியும். அந்த நோட்டுகளைத் தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

யாரும் சொல்லாமல், மதிப்பெண் இல்லாமல் அவள் எவ்வளவு வரைகிறாள் என்று ஒரு மாதம் கவனியுங்கள். பிடித்த கார்ட்டூன் முகங்களையே திரும்பத் திரும்ப வரைகிறாளா, இல்லை உங்கள் அடுப்படியையும் எம்ஆர்டி ரயிலில் தூங்கி வழிபவர்களையும் வரைகிறாளா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் எனக்குப் பயமே இல்லை. முதலாவது என்றாலும் 15 வயதுதானே, கையில் நேரம் இருக்கிறது.

கலைக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் கண்காட்சி வைப்பார்கள். அடுத்தது நடக்கும்போது மூவரும் போய் வாருங்கள். படத்தின் பக்கத்தில் வரைந்த பிள்ளை நின்றுகொண்டிருந்தால், அடுத்த மாதத்திலிருந்து என்ன செய்யப்போகிறாய் என்று உங்கள் கணவரையே கேட்கச் சொல்லுங்கள். நான்கைந்து பேரிடம் கேட்கட்டும். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்